மீட்டர்காரர் பார்த்த ஊர்

எந்த வீட்டுக்குள் கால் வைத்தாலும் அவர் முதலில் சுவரைத்தான் பார்ப்பார். வாங்க என்று சொல்பவரின் முகம், உட்காரச் சொல்லும் நாற்காலி எல்லாம் அப்புறம். கண் நேராகக் கதவுக்குப் பின்னால் போகும், மாடிப்படிக்குக் கீழே போகும், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போகும். கரண்ட் மீட்டர் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் உங்களைப் பார்த்துச் சிரிப்பார். புதுச்சேரியில் முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்தவர். வேலையிலிருந்து ஓய்வு கிடைத்த பிறகும் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க அவருக்குத் தெரியவில்லை. ஊரில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மீட்டர்காரர் என்றால் போதும், மூன்று தெரு திரும்பிப் பார்க்கும்.

நான் அப்போது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து, வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் தொழிலை ஆரம்பித்திருந்தேன். காலை ஏழரைக்குப் பெரிய மார்க்கெட் மணிக்கூண்டுக்குக் கீழே தொடங்கி, மீன் பக்கம், பூ வரிசை, வடகக் கடை, மாதா கோவில், வாய்க்காலைத் தாண்டிப் பிரெஞ்சுக்காரர்கள் இருந்த ஒயிட் டவுன், கடைசியில் கடற்கரை. நடுவில் நாலு இடத்தில் சாப்பாடு. கதை சொல்வதில் நான் கெட்டிக்காரி. ஒரு ரோஜா நிற வீட்டின் முன்னால் கூட்டத்தை நிறுத்தி, ஒரு கவர்னர் தன் காதலிக்காகக் கட்டியது என்பேன். எந்தக் கவர்னர், எந்தக் காதலி என்று எனக்கே தெரியாது. கேட்டவர்கள் அத்தனை பேரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அப்படி ஒருநாள் காதலியைப் பற்றி உருகிக்கொண்டிருந்தபோது, கூட்டத்துக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்தபடி ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் பட்டப்பகலில் ஒரு டார்ச் லைட். கூட்டம் நகர்ந்ததும் என்னிடம் வந்தார்.

"நீங்க சொல்றதுல பாதி தப்பும்மா."

"மீதி?"

"மீதி எனக்குத் தெரியாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த வீட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். உள்ளே எத்தனை அறை, எந்தச் சன்னல் மூடாது, சமையற்காரர் எதற்கெல்லாம் முனகுவார், மழை பெய்தால் எந்த மூலையில் வாளி வைப்பார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். கூட்டத்தில் இருந்த ஒரு பெங்களூர்ப் பெண் திரும்பி வந்து அவர் பேசுவதைக் கேட்க ஆரம்பித்தாள். அவளைத் தேடி மற்றவர்களும் வந்தார்கள். என் கவர்னரும் காதலியும் அனாதையாக நின்றார்கள். மறுவாரமே அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன், வேறு வழியில்லாமல்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்வார். பார்க்காததைக் கேட்டால், "எனக்குத் தெரியாது" என்பார். அதை அவர் சொல்லும் விதம் இருக்கிறதே, மற்றவர்கள் எம்.ஏ. பட்டத்தைச் சொல்வதுபோல் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். இந்த மாதா கோவில் எத்தனை வருஷத்துப் பழசு என்று ஒரு சென்னைக்காரர் கேட்டார்.

"தெரியாது சார். நான் பொறந்து வந்து பாக்கும்போதே இருந்துச்சு."

"இந்தச் சிலையில் இருப்பவர் யார்?"

"கீழ பலக இருக்கு, படிச்சிக்குங்க. நான் பாத்ததச் சொல்றேன். ஒரு பொயல் மழைல ஆடு ஒண்ணு குட்டியோட இவரு காலுகிட்ட ஒதுங்கி நின்னுச்சு. அன்னிக்குதான் இவரால ஒரு ஒபகாரம் நடந்து நான் பாத்தேன்."

ரீடிங் எடுக்கும் நேரம் ஊர் சமைக்கிற நேரம். அதனால் எந்தத் தெருவில் எந்த வீட்டில் எந்தக் கிழமை என்ன கொதிக்கும் என்று அவருக்கு அத்துப்படி. இந்த வீட்டில் வெள்ளிக்கிழமை சுறாப்புட்டு, அந்த வீட்டில் ஞாயிறு மிச்சத்தைத் திங்களன்று ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவார்கள் என்பார். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த வீடுகளிலும் தாளிப்பு நம்முடைய வெங்காய வடகம்தான் என்று அடித்துச் சொல்வார். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உளுந்தோடு இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி வெயிலில் காயவைப்பார்களே, அந்த வடகம். அதை எண்ணெயில் போட்டால் தெருமுனையில் நிற்பவனுக்கும் பசிக்கும். "முப்பது வருசமா மோந்துக்கிட்டே இருந்தேன், சாப்ட்டது கம்மி" என்பார். நான் கூட்டிப்போகும் கடையில் இட்லி நன்றாக இருக்குமா என்று யாராவது கேட்டுவிட்டால் என் மானம் போகும். "நான் சாப்ட்டதில்ல. நீங்க சாப்ட்டுச் சொல்லுங்க" என்று கைகட்டி நிற்பார். இணையத்தில் என் நிறுவனத்துக்கு வந்த முதல் பாராட்டு, 'இத்தனை விஷயம் தெரியாத வழிகாட்டியை நாங்கள் பார்த்ததே இல்லை, மறுபடியும் வருவோம்' என்பதுதான். அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று யோசித்தேன்.

மார்க்கெட்டுக்கு மேற்கே ஒரு தெருவில், பச்சைக் கதவு போட்ட வீடு ஒன்று உண்டு. அங்கே வந்தால் மட்டும் அவர் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். வாயும் நின்றுவிடும். கேட்டால், வெயிலாக இருக்கிறது என்பார். எதிர்ச்சாரியில்தான் வெயில் அடிக்கும்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்த பிறகு பிரான்சிலிருந்து மொனிக் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், அங்கேயே பிறந்தவர். அவருடைய தாத்தா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் குடும்பத்தையே பிரான்சுக்கு அழைத்துப் போனபோது மொனிக்கின் அம்மாவுக்குப் பத்து வயது. இப்போது அந்த அம்மா அங்கே முதியோர் இல்லத்தில். நினைவு கழன்றுகொண்டே வந்து, பெற்ற மகளையே யாரோ ஒரு பெண்மணி போல மதாம் என்று கூப்பிடும் நிலை. பிரெஞ்சும் ஒன்றிரண்டு வார்த்தையோடு சரி, சின்ன வயதுத் தமிழ்தான் மிச்சம். அந்தத் தமிழில் தினமும் கேட்பது ஒன்றுதான், எங்க வூடு என்னாச்சு, போய்ப் பாத்தியா என்று. கேட்டுக் கேட்டு அழுவாராம். அந்த வீட்டைக் கண்டுபிடித்து, அம்மா உயிரோடு இருக்கும்போதே அவருக்குக் காட்ட வேண்டும் என்பதற்காக மொனிக் லீவு போட்டு வந்திருந்தார். நான்கு நாள்தான் லீவு.

கண்டுபிடித்துத் தருகிறோம் என்று மின்னஞ்சலில் தைரியமாக எழுதியது நான். வீட்டுக்கு அடையாளம் என்று மொனிக்கிடம் இருந்ததெல்லாம், மஞ்சள் சுவர், சிவப்புக் கதவு, மாதா கோவில் மணி கேட்கும் தூரம். ஒயிட் டவுனில் கண்ணை மூடிக்கொண்டு கல் எறிந்தால் மஞ்சள் சுவரில்தான் விழும். தெருப் பேர்களும் பாதி மாறிவிட்டன. மீட்டர்காரரும் சேர்ந்து மூன்று பேரும் இரண்டு நாள் அலைந்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம் மொனிக், பரவாயில்லை, விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்தார். அந்தப் பரவாயில்லை என்னைத் தைத்தது. அவர் அறைக்குப் போன பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்தேன்.

எனக்குத் தெரிந்த விடுதி ஒன்று இருந்தது. மஞ்சள் சுவர், சிவப்புக் கதவு, சுவர்மேல் காகிதப்பூக்கொடி, படத்தில் அப்படியே அள்ளும். மேனேஜர் உள்ளே விடுவார்.

"நாளைக்கு அந்த வூட்டுக்கு முன்னால நிறுத்தறேன்" என்று மீட்டர்காரரிடம் சொன்னேன். "ஆமா, இதுல சொல்தா குடும்பம் இருந்துச்சு, நான் பாத்திருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"அந்த வூட்டுக்குப் போயிருக்கேன். மீட்டர் தோட்டத்துப் பக்கம். யாரு இருந்தாங்கன்னு தெரியாது."

"அந்தம்மாவுக்கு எல்லாம் மறந்துபோச்சுண்ணே. எந்த வூட்டக் காட்டினாலும் ஒண்ணுதான். அழாம ரெண்டு நாள் இருப்பாங்க. உங்களுக்கு என்னா கொறஞ்சிடும்?"

அவர் டார்ச்சை எடுத்து மேசைமேல் வைத்தார். கொஞ்ச நேரம் அதை உருட்டிக்கொண்டிருந்தார்.

"பச்சக் கதவு வூடு பத்திக் கேப்பீங்களே. அப்ப எனக்கு சர்வீஸ் ரெண்டாம் வருசம். அந்த வூட்ல ஒருத்தரு தனியா இருந்தாரு, ஒரு நாயி வெச்சிருந்தாரு. ஒருநாள் போறேன், உள்ள நாயி ஒரேடியா கொலைக்குது. எனக்கு நாயின்னா பயம். வூடு பூட்டியிருந்தா பூட்டியிருந்துச்சுன்னு புஸ்தகத்துல எழுதணும். நான் வாசல்ல நின்னே, போன மாசத்த வெச்சி ஒரு நம்பர் போட்டுட்டுப் போயிட்டேன். அவரு உள்ள குளிக்கிற எடத்துல வழுக்கி வுழுந்து கெடந்திருக்காரு. நாயி அதுக்குத்தான் கொலச்சிருக்கு. மறுநாள் பால்காரன்தான் பாத்தான்."

"ஐயையோ. உசுரு?"

"பொழச்சிக்கிட்டாரு. கால்தான் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தேன். வாசல்ல யாரோ வந்த சத்தம் கேட்டுக் கூப்ட்டேன்பா, போயிட்டாங்கன்னாரு. நான்தான் அதுன்னு சொல்ல வாய் வரல." டார்ச்சை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "என் புஸ்தகத்துல அன்னிக்கு நான் அந்த வூட்டுக்குள்ள போயிருக்கேன்மா. நம்பர் இருக்கு, கையெழுத்து இருக்கு."

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. ஆனாலும் என் பிடிவாதம் லேசில் போகிற பிடிவாதம் இல்லை. சரி, நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். "சொல்லுங்க. என்னக் கேட்டா உள்ளதச் சொல்வேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அவரைத் திட்டிக்கொண்டேதான் வீட்டுக்குப் போனேன்.

நாலாம் நாள் காலை மொனிக், அம்மாவுக்கு வடகம் வாங்க வேண்டும் என்றார். மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டு பதினொன்றரைக்கு விடுதி என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். வடகக் கடை அக்கா இரண்டு உருண்டையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். மொனிக் மோந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அவர் பேசுவது வீட்டுத் தமிழ், அம்மாவிடம் கற்றது.

"அம்மா இதப் பத்திச் சொல்லும். அதோட ஆத்தா வடகம் தாளிக்கும்போது கிட்ட நிக்குமாம். அடுப்புக்கு மேல ஒரு சக்கரம் சுத்துமாம். அதப் பாத்துக்கினே நிக்குமாம்." கொஞ்சம் சிரித்தார். "பாவம், என்னென்னமோ சொல்லுது. அடுப்புக்கு மேல எங்கனா சக்கரம் சுத்துமா?"

நானும் பாவம் என்றுதான் தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற மீட்டர்காரர் அசையவில்லை.

"அடுப்புக்கு மேலயா சொன்னாங்க? நல்லா கேட்டீங்களா?"

"எப்பவும் அப்டித்தான் சொல்லும்."

"கண்ணாடிக்குள்ளயா? மெதுவா சுத்துற சக்கரமா? ஓரத்துல ஒரு கறுப்புக் கோடு வந்து வந்து போவுமா?"

மொனிக் அவரையே பார்த்தார். கறுப்புக் கோட்டை எண்ணித்தான் அம்மா எண்கள் கற்றுக்கொண்டாராம். அதை மொனிக் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"அது மீட்டரும்மா" என்றார் அவர். "பழைய மீட்டர்ல அலுமினியத்துல தட்டு ஒண்ணு சுத்தும். சூட்டுக்கும் புகைக்கும் பயந்து எவனும் அடுப்புக்கு மேல வெக்க மாட்டான். இந்த ஊர்ல அப்டி வெச்சது ரெண்டே வூடு. ஒண்ணு நான் சர்வீஸ்ல வந்தப்பறம் கனெக்ஷன் குடுத்தது. இன்னொண்ணு அதுக்கு ரொம்ப முன்னால. மீட்டர மாத்துவாங்க, எடத்த மாத்த மாட்டாங்க. வாங்க."

அவர் கடற்கரைப் பக்கம் போகவில்லை. வாய்க்காலைத் தாண்டவே இல்லை. மார்க்கெட்டின் மேற்கு வாசல் வழியாக வெளியே வந்து நடந்தார். சொல்தா என்றதும், பிரான்ஸ் என்றதும், நாங்கள் மூன்று நாளும் ஒயிட் டவுனிலேயே தேடியிருக்கிறோம். அவர் போய் நின்ற வீடு பத்து நிமிட நடைதான். முன்பக்கம் முழுக்க செல்போன் உறை விற்கும் கடை. மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. எல்லாம் ஒரே ஊதா. இதை எப்படிப் படம் எடுப்பது என்று என் தொழில் புத்தி கவலைப்பட்டது.

பக்கத்துச் சந்து வழியாகப் போய்ப் பின்கதவைத் தட்டினார். கையில் கரண்டியோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தார்.

"மீட்டர்காரரா? ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு சொன்னாங்க."

"ஆயிட்டேம்மா. ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

அந்தப் பெண் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் சமையலறைக்குள் போனோம். கேஸ் அடுப்பில் குழம்பு கொதித்தது. அதற்கு மேலே, அடுப்புத் திட்டில் ஏறினால் எட்டும் உயரத்தில், சுவரில் ஒரு மீட்டர். புதுசு. பிளாஸ்டிக் பெட்டி, ஓடும் எண்கள், சிமிட்டும் ஒரு சிவப்புப் பொட்டு. அவர் டார்ச் அடித்துக் காட்டினார். பெட்டியைச் சுற்றி, எத்தனை வெள்ளை அடித்தும் போகாத பழைய புகைக்கறை.

"இதானா?" என்று மொனிக் கேட்டார். "இதான் அம்மா வூடா?"

ஆமாம் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. நானாக இருந்தால் ஒப்பாரியே வைத்திருப்பேன்.

"இங்க சக்கரம் இருந்துச்சு. அது நான் பாத்தது" என்றார் மீட்டர்காரர். "உங்கம்மா இருந்தத நான் பாக்கல. அவங்களயே கேளுங்க."

பிரான்சில் அப்போது காலை ஏழு மணி. மொனிக் வீடியோவில் கூப்பிட்டார். இல்லத்துப் பணிப்பெண் போனைப் பிடித்துக்கொள்ள, நரைத்த தலை ஒன்று திரையில் தெரிந்தது. மகளைப் பார்த்து, "பொன்ழூர் மதாம்" என்று மரியாதையாக வணக்கம் சொன்னது. மொனிக் உதட்டைக் கடித்துக்கொண்டு போனைச் சுவர்பக்கம் திருப்பினார். அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உப்பு மாடம் எங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கரண்டிக்காரப் பெண் அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த டப்பாக்களை நகர்த்தினார். பின்னால் சுவரில் ஒரு சின்ன மாடம். அதில் ஒரு கல்லுப்பு ஜாடி.

மொனிக் அழ ஆரம்பித்தார். நானும்தான். திரையில் அந்த அம்மா அழவில்லை. முகத்தைக் கிட்டே கொண்டுவந்து எதையோ தேடினார்.

"சக்கரம் சுத்துதா?"

சிவப்புப் பொட்டு சிமிட்டியது. எனக்கு வாய் துறுதுறுத்தது. சுத்துதும்மா, நல்லா சுத்துது என்று சொல்ல மூச்சை இழுத்தேன். மீட்டர்காரர் மொனிக்கின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"இப்ப இல்லம்மா. வேற மீட்டர் வெச்சிட்டாங்க."

இந்த மனுஷனைக் கொல்லலாம் போலிருந்தது எனக்கு. அந்த அம்மாவின் முகம் சுருங்கியது.

"நின்னுடுச்சா? நாங்க எல்லாம் தூங்கினா நின்னுடும்னு அப்பா சொல்வாரு. எல்லாரும் கப்பல் ஏறிட்டமே. வூட்ல யாரும் இல்லியே. அப்பவே நின்னுடுச்சா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக வீடு என்னாச்சு என்று கேட்டு அழுதது இதற்குத்தான்.

"இல்லம்மா" என்றார் மீட்டர்காரர். சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக, ரீடிங் சொல்லும் குரலில். "நீங்க போனதுக்கப்பறமும் சுத்திச்சு. முப்பது வருசம் நான் வந்து பாத்தேன். வந்தப்பல்லாம் சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. ரெண்டு தடவ வூடு பூட்டியிருந்துச்சு, அப்ப மட்டும் எனக்குத் தெரியாது."

அந்த அம்மா யோசித்தார்.

"கண்ணாடி ஒரே கரியா இருக்குமே. எப்டித் தெரிஞ்சுது?"

"தொடச்சிட்டுத்தாம்மா பாப்பேன்." பேன்ட் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை உருவி, திரைக்கு நேரே தூக்கிக் காட்டினார். "இதாலதான்."

திரையில் அந்த முகம் மலர்ந்தது. மொனிக் பிறகு சொன்னார், அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது என்று.

"நான் பாவாடையால தொடப்பேன்" என்றார் அந்த அம்மா. "ஆத்தா அடிக்கும்."